வெயிலில் நிற்கும் கார்: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டறிந்து சரிசெய்யும் வழிமுறை

வேலூரில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் போர்டிகோ கிடையாது. 2014-இல் வாங்கிய என் கார் அன்றிலிருந்து தெருவோரத்தில்தான் நிற்கிறது. எங்கள் தெருவில் அதே நிலையில் நிற்கும் ஏழெட்டு கார்களுக்கும் ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஒரு வேலை செய்து கொடுத்து வருகிறேன். ஹெட்லைட் மங்குவது, பெயிண்ட் வெளுப்பது, டேஷ்போர்டு பிசுபிசுப்பது என்று திரும்பத் திரும்ப வரும் பழுதுகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்த காரணம் கடைசியிலும் வரும். அந்த வரிசையை மாற்றாமல் பாருங்கள். நான் கண்ட வீண்செலவில் பெரும்பகுதி, எளிய சோதனையைத் தாண்டிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனதால் வந்ததுதான்.

எதற்கும் முன்னால்: தண்ணீர்ச் சோதனை

காலை 6 மணி வாக்கில், வண்டி இரவெல்லாம் ஆறியிருக்கும்போது, பழுதான இடத்தின் மீது ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, ஈரம் காய்வதற்குள் உற்றுப் பாருங்கள். நனைந்திருக்கும்போது மங்கல் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் கேடு மேற்பரப்பில்தான் இருக்கிறது. அதைக் கையாலேயே பெரும்பாலும் மீட்டுவிடலாம். நனைந்த பிறகும் அப்படியே தெரிந்தால் கேடு உள்ளே இறங்கிவிட்டது; அங்கே தேய்த்துக்கொண்டிருப்பது நேரத்தையும் மிச்சமிருக்கும் பூச்சையும் வீணாக்கும். ஹெட்லைட், பெயிண்ட், கறுப்பு பிளாஸ்டிக் ஆகிய மூன்றுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

அறிகுறி 1: ஹெட்லைட் மஞ்சளித்து மங்கியிருக்கிறது

இன்றைய கார்களின் ஹெட்லைட் முகப்பு கண்ணாடியன்று, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அதன் மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மெல்லிய கடினப் பூச்சு இருக்கும். நம் ஊர் வெயிலில் முதலில் தோற்பது அந்தப் பூச்சுதான். அதுவும் பானெட்டை ஒட்டிய மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி மஞ்சளிக்கும்.

நனைத்தால் தெளிகிறதா? அப்படியானால் முதலில் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிப் பாருங்கள். பூச்சிகளின் கறையும் சாலைத் தூசும் படிந்த படலம் மட்டுமே என்றால் வேலை அதோடு முடிந்தது. கழுவியும் மஞ்சள் நின்றால் பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதுப் பாதுகாப்பு போட வேண்டும். சுற்றியுள்ள பெயிண்ட் மீது மாஸ்கிங் டேப்பை இரண்டடுக்காக ஒட்டிக்கொண்டு, பெயிண்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை, 1000, 1500, 2000, 3000 என்ற வரிசையில் பயன்படுத்துங்கள்; எண் கூடக் கூடத் தாளின் சொரசொரப்பு குறையும். பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தால் மட்டும் 800-இலிருந்து தொடங்கலாம். ஒரு தாளில் கிடைமட்டமாகத் தேய்த்தால் அடுத்த தாளில் செங்குத்தாகத் தேய்க்க வேண்டும். முந்தைய கோடுகள் முழுவதும் மறைந்தனவா என்பது அப்போதுதான் தெரியும்.

முதல் தாளில் வழியும் தண்ணீரைக் கவனியுங்கள். தொடக்கத்தில் அது பழுப்பு கலந்த மஞ்சளாக, பிசுக்குடன் இறங்கும். பழைய பூச்சு முழுவதும் நீங்கியதும் அரிசி கழுவிய தண்ணீர் போல வெள்ளையாக மாறும். மஞ்சள் நிற்கும் முன்பே அடுத்த தாளுக்குப் போய்விட்டால், பாலிஷ் போட்ட பிறகு முகப்பில் திட்டுத்திட்டாக மஞ்சள் தெரியும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். 3000 தாளுக்குப் பிறகு முகப்பு பனி படர்ந்தது போல இருக்கும். பயப்பட வேண்டாம், ரப்பிங் காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையும் அதன் பின் பாலிஷும் போட்டால் தெளிந்துவிடும்.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பூச்சில்லாத பாலிகார்பனேட் முன்பைவிட வேகமாக மஞ்சளிக்கும். சில மாதங்களிலேயே பழைய நிலை திரும்பும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஹெட்லைட் சீலன்ட் கட்டாயம் போட வேண்டும், அதையும் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நீடித்து நிற்க வேண்டுமானால் பெயிண்டரிடம் கொடுத்து கிளியர் கோட், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு, அடித்து வாங்குங்கள். ஹார்டனர் என்னும் இறுக்கும் திரவம் கலந்த கிளியர் கோட்டின் புகை நுரையீரலுக்குக் கேடு; உரிய முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாமல் வீட்டில் அதை அடிக்கக் கூடாது.

பற்பசை போட்டுத் தேய்ப்பது சில வாரம் பளிச்சென்று காட்டும், அவ்வளவுதான். பெட்ரோல், தின்னர் இரண்டையும் ஹெட்லைட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பாலிகார்பனேட்டில் அவை பட்டால் மயிரிழை வெடிப்புகள் விழும், அவற்றை எந்த உப்புத்தாளாலும் எடுக்க முடியாது.

நனைத்தும் தெளியவில்லையா? மழைநாள் காலையில் உட்புறம் லேசாக ஆவி படர்ந்து, விளக்கைப் போட்ட சிறிது நேரத்தில் மறைந்தால் அது பழுதில்லை. அடியில் தண்ணீர் தேங்கி நின்றால், பின்பக்கத்துப் பல்ப் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் முகப்பின் ஒட்டு விட்டிருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உள்ளே மயிரிழைக் கோடுகள் தெரிந்தாலோ, பின்னால் உள்ள வெள்ளிப் பூச்சு கருகியிருந்தாலோ முழு அமைப்பையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. இரவில் ஒரு சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, இரண்டு விளக்கின் வெளிச்சத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அந்தச் செலவை முடிவு செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கியிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

அறிகுறி 2: பெயிண்ட் வெளுத்து, பளபளப்பு போய்விட்டது

வெள்ளையாக வட்டவட்டக் கறைகள் மட்டும் இருக்கின்றனவா? அது பெரும்பாலும் வெயிலின் கேடன்று, வெயிலில் காய்ந்த போர்வெல் தண்ணீரின் உப்பு. வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இனிமேல் பானெட் மீது புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு தெரிந்தால் கழுவாதீர்கள்.

காக்கை எச்சமோ மரப்பிசினோ பட்ட இடத்தில் மட்டும் தழும்பு இருக்கிறதா? வெயில் ஏற ஏற எச்சம் பெயிண்ட்டை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கும் என்பதால், பார்த்த அன்றே எடுத்துவிட வேண்டும். காய்ந்ததைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைப் பத்து நிமிடம் அதன் மேல் போட்டு, ஊறிய பின் அப்படியே தூக்கி எடுங்கள். நிழலுக்காக வேப்பமரத்தடியில் நிறுத்துபவர்கள் இந்த வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், தினமும் துடைக்க முடிந்தவருக்கு மரநிழல் நல்லது. வாரம் ஒருமுறை மட்டும் வண்டியைத் தொடுபவருக்குத் திறந்தவெளியும் கவரும் மேல்.

வண்டி முழுவதும், குறிப்பாக மேற்கூரையும் பானெட்டும் மங்கியிருக்கின்றனவா? வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் எடுத்து, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறாவிட்டால் மேலே உள்ள கிளியர் கோட் இன்னும் இருக்கிறது. கையால் பாலிஷ் போட்டு, மேலே வாக்ஸோ சீலன்ட்டோ பூசினால் பளபளப்பு மீளும். துணியில் நிறம் ஏறினால், ஒன்று உங்கள் வண்டியில் தொடக்கத்திலிருந்தே கிளியர் கோட் இல்லை, அல்லது அது அந்த இடத்தில் தேய்ந்து போய்விட்டது. முதல் வகைக்கு மென்மையான பாலிஷ் போதும். இரண்டாம் வகையில் தேய்க்கத் தேய்க்க நஷ்டம்தான்.

ஒரு புதுக் காரின் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்); அதில் கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான். மெஷின் வைத்து ரப்பிங் செய்யும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு போகிறது. எதிர்வீட்டுப் பெரியவரின் சிவப்புக் காரை ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன்பு ஒரு பட்டறையில் மெஷின் பாலிஷுக்கு விட்டு வந்தார்கள். ஐந்தாவது ஆண்டுக் கோடையில் மேற்கூரையின் நடுவில், வெயில் பட்டு உரியும் தோலைப் போல, உள்ளங்கை அகலத்துக்குக் கிளியர் கோட் எழும்பி நின்றது. விரல் நகம் அதன் விளிம்பில் தட்டியது. "தம்பி, இன்னொரு தடவை பாலிஷ் போட்டால் சரியாகிவிடுமா?" என்று அவர் கேட்டார். ஆகாது என்று சொல்லவே எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்த வண்டியை அவ்வளவு அக்கறையோடு பார்த்துக்கொண்டவர் எங்கள் தெருவில் வேறு யாரும் இல்லை.

நகம் தட்டும் விளிம்பு தெரிந்துவிட்டால் பாலிஷை நிறுத்திவிட்டுப் பெயிண்டரிடம் போங்கள். முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிக்க ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மேலே பார்த்து இருக்கும் பகுதிகள்தான் முதலில் கெடும். மேற்கூரை மட்டும், அல்லது மேற்கூரையும் பானெட்டும் மட்டும் அடித்தால் பெரும்பாலும் போதும். பக்கவாட்டுக் கதவோடு நிறம் ஒத்துப்போகுமாறு விளிம்பில் கலந்து அடித்துத் தருவாரா என்பதை வேலை கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 3: கறுப்பு பிளாஸ்டிக் சாம்பல் நிறமாகிவிட்டது

பம்பரின் அடிப்பகுதி, கண்ணாடித் தண்டு, வைப்பருக்குக் கீழுள்ள தட்டு ஆகியவற்றில் இது வரும். பழைய பாலிஷின் வெள்ளைத் தூள் நுண்குழிகளில் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் அதற்குப் போதும். அப்படியும் சாம்பல் மாறாமல், நனைத்தால் மட்டும் கறுத்துக் காட்டினால், வெளிப்புற பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் ரீஸ்டோரர் போடுங்கள். தேங்காய் எண்ணெய் ஒரு நாள் கறுப்பாகக் காட்டிவிட்டு, மறுநாளிலிருந்து தூசைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடான காற்றைப் பாய்ச்சிக் கறுப்பாக்கும் முறையும் உண்டு. பம்பர் ஒரு நொடியில் உருகி நெளிந்துவிடும் என்பதால் வீட்டில் அதைச் செய்யப் பரிந்துரைக்க மாட்டேன். வைப்பர் தட்டு வெடித்து நொறுங்கினால் அதை மட்டும் மாற்றுங்கள். விட்டுவைத்தால் மழைத்தண்ணீர் எஞ்சின் பக்கம் இறங்கும்.

அறிகுறி 4: டேஷ்போர்டு பிசுபிசுக்கிறது, நெளிகிறது, வெடிக்கிறது

பிசுபிசுப்பு என்றால், பளபளப்புக்காகப் பூசிய எண்ணெய்ப்பசைத் திரவத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கட்டைவிரல் அளவு இடத்தை மட்டும் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். விரல் ஒட்டாமல் போனால் முழு டேஷ்போர்டையும் அப்படியே துடைத்துவிட்டு, இனிமேல் மினுங்காத வகைத் திரவத்தை மட்டும் வாங்குங்கள். துடைத்தும் ஒட்டினால் மேல் பூச்சே சிதைந்துகொண்டிருக்கிறது. உறை தைத்துப் போடலாம், ஆனால் பயணியின் பக்கத்து ஏர்பேக் மூடியை மறைக்கவே கூடாது.

ஏர்பேக் மூடியின் கோட்டருகே நெளிவோ வெடிப்போ தெரிந்தால் நீங்களாக ஒட்டாதீர்கள், டேப் போடாதீர்கள், மேலே விரிப்பு போட்டு மறைக்காதீர்கள். விபத்தில் அந்த மூடி சரியாகப் பிளந்து திறந்தால்தான் பை வெளியே வரும். சர்வீஸ் சென்டருக்கு நேராகப் போக வேண்டிய பழுது இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். அந்த மூடியின் மீது பிள்ளையார் சிலையை ஒட்டியிருந்தால் அன்புகூர்ந்து இன்றே நடுப்பகுதிக்கு மாற்றி வையுங்கள்.

முன் கண்ணாடியின் உட்புறத்தில், இரவில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் மட்டும் தெரியும் எண்ணெய்ப் படலமும் இதே குடும்பம்தான். சூட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியில் படிகிறது. பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டு கலந்த தண்ணீரால் ஒருமுறை, வெறும் தண்ணீரால் ஒருமுறை, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒருமுறை என்று துடைத்தால் போகும்.

இவை எல்லாவற்றுக்கும் மலிவான தடுப்பு, முன் கண்ணாடிக்கு உட்புறம் வைக்கும் மடக்குத் தட்டிதான். வெள்ளி முகம் வெளியே பார்க்க வேண்டும். வண்டியை விட்டு இறங்கும்போது பவர் பேங்க், சிகரெட் லைட்டர், ஸ்ப்ரே டப்பா, சானிடைசர் ஆகியவற்றை உள்ளே விட்டுச் செல்லாதீர்கள்.

அறிகுறி 5: மேற்கூரையின் உள்துணி தொங்குகிறது

விரலால் துணியை மேலே அழுத்தி எடுங்கள். உள்ளே பழுப்பாகப் பொடி நெரிவது தெரிந்தால் துணிக்கும் அட்டைக்கும் நடுவிலிருந்த ஃபோம் செத்துவிட்டது. பசை அடித்தால் பொடியோடுதான் ஒட்டும். ஒரு வாரத்தில் மறுபடி இறங்கும். ஓரத்தில் மட்டும், பொடியில்லாமல் பிரிந்திருந்தால் பசை நிற்கும். மற்றதற்கு, அட்டையைக் கழற்றி ஃபோமைச் சுரண்டிவிட்டுப் புதுத்துணி ஒட்டித் தரும் சீட் கவர் கடைக்குப் போக வேண்டும். மேற்கூரையின் ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி 6: கதவுக் கண்ணாடி மெதுவாக ஏறுகிறது, வைப்பர் கிறீச்சிடுகிறது

காலையில் ஒழுங்காக ஏறி, மத்தியானம் மட்டும் தயங்கினால் கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளம் காய்ந்திருக்கிறது. தூசைத் துடைத்துவிட்டு சிலிகான் ஸ்ப்ரே அடித்து, நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். எஞ்சின் ஆயிலும் கிரீசும் ரப்பரை ஊத வைக்கும், வேண்டாம். நான்கு கண்ணாடிகளும் ஒருசேர மெதுவானால் பேட்டரியைப் பாருங்கள்: இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டை ஒட்டியும், எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரையும் காட்ட வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் மூன்று நான்கு ஆண்டுகளைத் தாண்டிய பேட்டரியை எலக்ட்ரீஷியனிடம் லோடு டெஸ்ட், அதாவது சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை, செய்துகொள்வது நல்லது. ஒரு கண்ணாடி மட்டும் கோணலாக ஏறினால் உள்ளிருக்கும் இயக்கி தேய்ந்திருக்கிறது, மெக்கானிக் வேலை.

வைப்பர் ரப்பரை ஈரத்துணியால் துடைத்தும் கோடு விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். கோடையில் கெட்டது ஐப்பசி மழையில்தான் தெரியவரும் என்பதால், புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள்.

அறிகுறி 7: கண்ணாடி ஃபிலிமில் குமிழ், ஊதா நிறம்

நிறம் மாறிய ஃபிலிமுக்கு வைத்தியம் இல்லை, உரிக்க வேண்டும். மத்தியான வெயிலில் பசை இளகியிருக்கும்போது ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். பின் கண்ணாடியில் பனி நீக்கும் கோடுகள் இருந்தால் பிளேடு வைக்காமல் கடையில் கொடுங்கள். புதிதாகப் போடும்முன் விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முன், பின் கண்ணாடிகள் வழியே குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் வழியே 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆம் விதி. 2012-இல் உச்ச நீதிமன்றம் கருப்பு ஃபிலிமுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும் இதன் அடிப்படையில்தான். வெப்பத்தைத் தடுக்கக் கறுப்பு தேவையில்லை. தெளிவாக இருந்துகொண்டே அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம்கள் கிடைக்கின்றன.

அறிகுறி 8: டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு

உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு ஆண்டு கடந்த டயரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், பட்டன் தேயாமல் இருந்தாலும் டயர் கடையில் காட்டுங்கள். நகம் நுழையும் வெடிப்போ, வீக்கமோ, உள்ளே நூலிழையோ தெரிந்தால் அந்த டயரில் ஓட்டவே வேண்டாம். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்த ஸ்டெப்னியின் எண்ணையும் பார்க்க மறக்காதீர்கள், அது பெரும்பாலும் வண்டியோடு வந்த பழைய டயராகவே இருக்கும்.

புதிய டயரில் ஒரு பக்கம் மட்டும் வெளுத்துக் காய்ந்திருந்தால், தினமும் ஒரே பக்கமாக நிறுத்துகிறீர்கள் என்று பொருள். காற்றழுத்தத்தை காலையில் ஓட்டுவதற்கு முன் பார்த்துச் சரிசெய்து, நிறுத்தும் திசையை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அறிகுறி 9: சரிசெய்தது எல்லாம் சில மாதத்தில் திரும்பி வருகிறது

தேய்த்துவிட்டுப் பாதுகாப்புப் பூச்சு போடாததுதான் பொதுவான காரணம். பூச்சும் போட்டிருந்தால் நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். மத்தியானம் 2 மணிக்கு மேல் வரும் மேற்கு வெயில்தான் கடுமையானது. வண்டியின் பின்பக்கம் மேற்கைப் பார்த்து நின்றால் டேஷ்போர்டும் ஹெட்லைட்டும் தப்பிக்கும். சுவர் நிழலை நம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சென்னை, வேலூர் பகுதியில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், சுவருக்கு நிழலே விழாது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் நிழல் தந்த வடபுறச் சுவரடி அக்கினி நட்சத்திரத்தில் உதவாது.

கவர் போட்டும் பெயிண்ட்டில் மெல்லிய சுழற்கீறல்கள் விழுந்தால், தூசு படிந்த வண்டியின் மேல் கவரை இழுத்திருக்கிறீர்கள், அல்லது காற்றில் அது படபடத்துத் தேய்த்திருக்கிறது. கவரின் உட்புறத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்: வெள்ளிப் பூச்சு பொடியாகக் கையில் ஒட்டினால் அந்தக் கவர் ஆயுளை முடித்துக்கொண்டது, உடனே மாற்றுங்கள். உள்ளே மென்துணி வைத்ததும், வயிற்றுக்கடியில் பட்டையிட்டுக் கட்டுவதுமான கவராக வாங்கி, வண்டி காய்ந்திருக்கும்போது மட்டும், தூசைத் தட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக விரித்துக்கொண்டே வாருங்கள். எடுக்கும்போது தரையில் இழுபடாமல், மேற்கூரையின் மீதே மடித்து எடுத்துவிடுங்கள்.